டாங்காக் கடற்கரையும் பாளையங்கோட்டையின் பெயரும்

முதல் உலகப் போரைப் பற்றிய ஆங்கில நூல்களில் தாமிரபரணிக் கரையின் பெயர் தென்படுவது அரிது. தென்படும் இடத்திலோ இகழ்ச்சியோடு தென்படுகிறது. 1914 நவம்பர் 2 முதல் 5 வரை, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காத் துறைமுகத்தில் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை நிலைகுலைந்து ஓடிற்று என்பதே அச்செய்தி. அங்கு உளவு அதிகாரியாயிருந்த ரிச்சர்டு மைனெர்ட்ஷாகன் 1960இல் வெளியிட்ட படைநாட்குறிப்பு இதனை மிகுந்த ஏளனத்துடன் பேசுகிறது.

இந்நூலைச் சான்றாகக் கொள்ளுமுன் நாம் தயங்கவேண்டும். அவருடைய குறிப்புகளுள் பல புனைவு என்று பிரையன் கார்ஃபீல்டு 2007இல் வாதிட்டார். ஆயினும் படை கலைந்தது பொய்யன்று. 1941இல் வெளிவந்த அதிகாரபூர்வ வரலாறும் அதனைக் கூறுகிறது. நம் வினா, அக்கலைவுக்கு ஆசிரியர் எதைக் காரணமாக்குகிறார் என்பதே. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டிருந்தோர், எதிரிக்கு முன்னறிவிப்புக் கொடுத்தபின், நிலத்தை ஆராயாமலே கரையிறக்கப்பட்டனர். ஏறத்தாழ 8000 பேர் சுமார் 1000 பேரிடம் தோற்றனர். தளபதி எயிட்கனையும் ஆசிரியர் விட்டுவைக்கவில்லை என்பது மெய்தான். ஆனால் தளபதியின் தவறு ஒரு மனிதனுடைய தவறாகவும், சிப்பாயின் அச்சம் ஓர் இனத்தின் இயல்பாகவும் எழுதப்படுகின்றன. இதுவே அந்நூலின் அடிப்படைப் பழுது.

இப்பார்வை டாங்காவில் பிறந்ததன்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றோர் என்னும் கொள்கையை வலுப்படுத்தினார். எஞ்சிய சென்னைப் படைப்பிரிவுகளில் சென்னை முஸ்லிம்கள், தமிழர், பறையர், கிறிஸ்தவர் ஆகியோரே சேர்க்கப்பட்டனர். அப்படியாயின் ஏளனத்துக்கு ஆளானோருள் நம் சபைகளின் மக்களும் அடங்குவர். நம் சபை வரலாறுகளோ பள்ளிகளையும் ஆலயங்களையும் எண்ணுமளவுக்குச் சிப்பாய்களை எண்ணுவதில்லை.

எனினும், அவர்கள் ஓடியதைத் தேசிய எழுச்சியாக வருணிக்கச் சிலர் விரும்பக்கூடும். அதற்கும் ஆதாரமில்லை. கூலிக்குச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1799இல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனிப் படை புறப்பட்ட கோட்டையின் பெயரையே தாங்கிச் சென்றார்கள். எதிர்நின்றோரிலும் பெரும்பான்மையோர் ஜெர்மானியர் அல்லர். ஜெர்மானியர் சம்பளம் பெற்ற ஆப்பிரிக்கர். மைனெர்ட்ஷாகனின் கண்ணுக்கு இது விந்தையாகத் தோன்றவேயில்லை.

உபாகமம் 20:8 இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பயந்து மனந்தளர்ந்தவன் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று இஸ்ரவேலின் போர்ச்சட்டமே இடங்கொடுக்கிறது. அவனை இழிந்தவன் என்று அது சொல்லவில்லை. 63ஆம் படையினருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. அவர்களுடைய வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. நவம்பர் 5ஆம் தேதி எஞ்சியோர் கப்பலேறியபோது ஏறத்தாழ ஆறு இலட்சம் தோட்டாக்கள் கரையில் விடப்பட்டன. அவற்றைக் கைப்பற்றிய லெட்டோ-ஃபோர்பெக் 1918 நவம்பர் வரை போரை நடத்தினார்.