ஓவியனும் நிழற்படக் கருவியும்

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் உருமாற்றிப் பெறும் நிழற்படங்களை ஓவியன் தன் ஆக்கத்துக்கு ஊற்றாகக் கொள்ளலாமா என்னும் வினா இக்காலத்தில் அடிக்கடி எழுகின்றது. கொள்வது இழுக்கென்பாரும் கொள்ளாமை பேதைமை என்பாரும் உளர். அக்கருவி ஓவியனுக்கு எதனைத் தருகின்றது, எதனை அவனிடமிருந்து கவர்கின்றது என நோக்குவார் அரியர்.

நிழற்படத்தைத் துணைக்கொள்ளுதல் புதிய வழக்கன்று. பிரான்சியப் பேரோவியர் தெலக்குருவா, 1854ஆம் ஆண்டில் டியூரியே என்பாருடன் சேர்ந்து ஆக்கிய படங்களைப் பார்த்து மனித உடலை வரைந்து பயின்றார். 1878இல் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையைப் பல கமராக்களால் தொடர்ச்சியாகப் படம்பிடித்தபோது, அதன் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டெழுவது அவை உடலின்கீழ் ஒடுங்கும் வேளையிலேயே என்பது புலனாயிற்று. 1821இல் ஷெரிக்கோ தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்திலோ குதிரைகள் கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கின்றன. டெகா மைபிரிட்ஜின் படங்களைக் கற்று வரைந்தார். சிற்பி றொடானோ, காலம் ஒருபோதும் நின்றுவிடுவதில்லை ஆதலின் ஷெரிக்கோவின் குதிரையே மெய்யாக ஓடுகின்றதென வாதிட்டார். கண்ணுக்கு ஓட்டமாகத் தோன்றுவது எதுவெனக் கேட்பின் றொடானின் கட்சியே வலியது. ஆயினும் டெகா பெற்றது வெறும் நகலன்று. குதிரையைப் பற்றிய அறிவு.

தெலக்குருவா 1859இல் தம் நாட்குறிப்பில் எழுதிய கருத்தொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. யாவற்றையும் முற்றக் காட்டமாட்டாத குறையினாலே சில இடங்களை வெறிதே விட்டுக் கண்ணுக்கு ஓய்வளிக்கும் நிழற்படங்களே மனத்தை மிக ஈர்க்கின்றன என்றார் அவர். அவ்வெற்றிடமே ஓவியன் புகும் வாயில். இன்றைய கைத்தொலைபேசி அதனை அடைத்துவிடுகின்றது. வெவ்வேறு ஒளியளவில் எடுத்த பல படங்களை ஒன்றாக்கி, நிழலை வெளுப்பித்து, விளிம்புகளைக் கூராக்கிய பின்னரே அது படத்தை நம் கையில் தருகின்றது. மிக அண்மையில் நின்று எடுத்த முகத்தில் மூக்குப் பெருத்துச் செவி சிறுக்கும். திரையில் ஒளிரும் பச்சையைச் சாயத்திற் பெறுதலும் அரிது. திரை ஒளியை உமிழ்வது, சாயமோ தன்மேல் விழுந்த ஒளியின் ஒரு பகுதியை மீட்டுத் தருவது. இவற்றை அறியாது பெயர்த்தெழுதுவோன் தான் கண்ட மாலை வெயிலைத் தீட்டவில்லை. கருவி செய்தோர் முன்னரே முடிவுசெய்த மாலை வெயிலைத் தீட்டுகின்றான்.

ஒரு தொடுகையில் நிழற்படத்தை நெய்வண்ண ஓவியம் போலாக்கும் மென்பொருள் இதனினும் கேடானது. எதனை விடுவது, எதனை மிகுப்பது என்னும் தேர்வன்றோ ஓவியத் தொழில்! அதனையும் கருவியிடம் ஒப்படைத்தபின் தூரிகைக்கு எஞ்சுவது எழுத்தர் வேலையே.

ஆங்கில ஓவியர் டேவிட் ஹொக்னி சென்ற நெறி வேறு. 1982இல் அவர் பொலறொயிட் படங்கள் பலவற்றை அடுக்கி, எந்த ஒற்றைக் கமராவும் காணாத காட்சிகளை ஆக்கினார். 2010 முதல் ஐபாட் திரையில் கையாலேயே வரைந்தார். அவர் நிழற்படத்துக்கு அடங்கினாரல்லர், அதனோடு வழக்காடினார்.

தீட்டிக்கொண்டிருக்கும் ஓவியத்தையே படமெடுத்து, இடவலம் மாற்றியும் கறுப்பு வெள்ளையாக்கியும் பிழை தேடுதலை யாம் மறுக்கமாட்டோம். வரைந்ததைக் கண்ணாடியிற் பார்த்துக் குற்றங்காணுமாறு லெயனாடோ டா வின்சியும் ஓவியர்க்கு அறிவுறுத்தியுள்ளார்.