பிள்ளைத்தமிழ் பெறாத பிள்ளைகள்

தமிழிலக்கியம் குழந்தையை அருமை பாராட்டிய இலக்கியமாகும். காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்து, பிள்ளையின் தளர்நடையையும் சிறுபறை முழக்கத்தையும் தனியொரு பிரபந்தமாகவே அது பாடிற்று. ஆயினும் அப்பிரபந்தத்துக்குரிய பிள்ளைகள் தெய்வங்களும் மன்னரும் அடியாரும் பெருமக்களுமேயாவர். ஏழையின் பிள்ளையை அம்மரபு பாட்டுடைத் தலைமைக்கு அழைத்ததில்லை.

வறியவர் மகவு நம் பழம்பாடல்களில் இல்லையென்பதன்று. புறநானூற்று 164ஆம் பாட்டில், பெருந்தலைச் சாத்தனார் தம் இல்லத்து வறுமையைக் குமணனிடம் எடுத்துரைக்கின்றார். பாலற்ற மார்பைச் சுவைக்குந்தோறும் அழும் மகவைத் தாய் கண்ணீரோடு நோக்குகின்றாள்; அவள் துயரைப் புலவர் நோக்குகின்றார். ஆனால் அம்மகவு எதனை நோக்கிற்று என்பது பாட்டின் பொருளன்று. அது வறுமைக்குச் சான்றாகவே நிற்கின்றது. நகரத்து வறுமையில் வளரும் குழந்தையை நமது புனைகதை எவர் கண்கொண்டு நோக்கியுள்ளது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'பொன்னகரம்' இவ்வகையில் ஒரு தொடக்கமெனலாம். ஆலைத் தொழிலாளர் வாழும் இருண்ட சந்துகளை அவர் எள்ளல் கலந்த நடையில் காட்டுகின்றார். இருப்புப்பாதை வேலியருகே நின்று, ஓடும் வண்டிக்கு ஆங்கிலத்தில் வணக்கம் கூறும் சிறுவர் அங்கே தோன்றுகின்றனர். அவர்கள் பெறும் ஆங்கிலக் கல்வி அவ்வளவே என்னும் குத்தல், நாகரிகத்தின் மீது வீசப்பட்ட கூரிய அம்பு. எனினும் அச்சிறுவருக்குப் பெயரில்லை. அவர்கள் ஒரு கூட்டம். கதை அம்மாளுவை நோக்கி நகர்ந்ததும் மறைந்துவிடுகின்றனர்.

ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் வறுமையைத் தம் பிள்ளைப் பருவத்திலேயே அறிந்தவர். 1824இல், பன்னிரண்டு வயதில், இலண்டனில் பாதணி மை செய்யும் தொழிலகத்தில் வேலைக்கமர்த்தப்பட்டார். 1837இல் தொடங்கிய 'ஒலிவர் துவிஸ்ற்' நாவலில் அவர் படைத்த சிறுவனுக்குப் பெயருண்டு, பசியுண்டு, மேலும் உணவு கேட்கும் துணிவுமுண்டு. ஆனால் இறுதியில் ஒலிவர் நற்குடியிற் பிறந்தவன் என்று தெளிவாகின்றது. அனாதைச் சிறுவனின் தகுதிக்குப் பிறப்பையே சான்றாகக் காட்டியது, அப்பெரு நாவலிற் காணப்படும் குறையென்றே கொள்ளல் வேண்டும்.

ஜெயகாந்தனின் 'உன்னைப் போல் ஒருவன்' இவ்விடத்தில் வேறுபடுகின்றது. ஆனந்த விகடனில் வெளிவந்த இக்கதையை ஆசிரியரே இயக்கி, 1965இல் திரைப்படமாகவும் தந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நீத்து, சென்னை நகரின் உழைப்பாளரிடையே வளர்ந்தவர் அவர். கட்டட வேலை செய்யும் தங்கமும் அவள் மகன் சிட்டியும் சேரியில் வாழ்கின்றனர். கிளி சோதிடம் பார்க்கும் மாணிக்கத்தின் மீது தங்கத்துக்கு உண்டாகும் அன்பைச் சிறுவனால் ஏற்க முடியவில்லை.

ஆசிரியரின் நுண்மை இங்கேதான் புலனாகின்றது. சிட்டியின் பெருந்துயர் பசியன்று, மானம். ஓரறைக் குடிசையிற் பெரியோர் வாழ்வின் எந்தப் பகுதியும் குழந்தைக்கு மறைவாயிராது. கிராமத்துப் பிள்ளைக்குத் தாய் கடிந்தால் ஓடி ஒளிய ஒரு பாட்டி வீடேனும் உண்டு. சேரிச் சிறுவனுக்கோ தாய் ஒருத்தியே உலகம். அவள் பிறரிடம் அன்பு கொண்டால் உலகமே பறிபோனதாகின்றது. குழந்தை நலமென்பது சோறும் துணியும் மட்டுமன்று. தலைநிமிர்ந்து நடத்தற்குரிய மதிப்பும் அதன் பகுதியே. இவ்வுண்மையை உபதேசமாகக் கூறாது, சிறுவனின் கோபத்தாலேயே உணர்த்துகின்றார். சிட்டி சான்றாகவோ கூட்டமாகவோ நிற்கவில்லை. அவன் நோக்குகின்றான், தீர்ப்பும் கூறுகின்றான், அத்தீர்ப்பிற் பிழையும் செய்கின்றான்.

மாணிக்கம் விலகிச் செல்ல, தங்கம் மகப்பேற்றின்பின் இறக்க, தான் வெறுத்த சிசுவையே சிட்டி ஏற்றுக்கொள்கின்றான். அது அவன் உள்ளத்தின் வெற்றியென்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு தடை எழுப்புதல் தகும். தந்தையின் பொறுப்பைச் சிறுவனொருவன் தாங்குவதைக் கண்டு நாம் நெகிழும்போது, அவனது பிள்ளைமை பறிபோனதை மறந்துவிடுகின்றோம். அவனைப் பாராட்டிய நிறைவோடு சமுதாயத்தின் கடன் தீர்ந்ததென எண்ணுதல் வாசகர்க்கு எளிதாகிவிடும்.

இது சென்னைச் சேரியின் கதையென யாழ்ப்பாணத்து வாசகர் ஒதுக்குதலும் எளிது. குருநகரிலும் நாவாந்துறையிலும் கடலோரமாக நெருங்கிய வீடுகளை அறிந்தோர் அவ்வாறு ஒதுக்கார். 1927இல் இந்நகரிற் பிறந்த டொமினிக் ஜீவா, பள்ளியில் ஆசிரியரொருவர் சாதியைச் சுட்டி இழித்துரைத்தமையாற் படிப்பை நீத்ததைத் தம் வரலாற்றிற் பதிவு செய்துள்ளார். சிகையலங்கார நிலையத்தில் உழைத்துக்கொண்டே எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய விருது பெற்றார். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். 2021இல் மறைந்த அவர், பிறரால் நோக்கப்படும் ஏழைப் பிள்ளையாயிருந்து, தாமே நோக்கி எழுதும் நிலைக்கு உயர்ந்தவர்.

அவரை வகுப்பிலிருந்து வெளியேற்றியது கட்டணமன்று, ஒரு சொல். 1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கிற்று. 5 முதல் 16 வயது வரை பள்ளி வருகை கட்டாயமென இன்று சட்டமும் கூறுகின்றது. ஆனால் இழிசொல்லைச் சட்டம் தானே நீக்கிவிடாது. அது ஆசிரியரின் நாவிலும் சகமாணவரின் நகைப்பிலும் உள்ளது.

ஆதலால், இக்கதைகளைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் சிட்டிக்காக இரங்குவதோடு அமைதல் போதாது. காலையுணவின்றிக் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை நம் வகுப்பிலும் இருத்தல் கூடும். அப்பிள்ளை நம்மை நோக்கிக்கொண்டிருக்கின்றது. நம்மைப்பற்றித் தன் மனத்தில் ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டிருக்கின்றது. அத்தீர்ப்புக்கு நாம் அஞ்சக் கற்றுக்கொள்ளல் வேண்டும்.