புனையா ஓவியமும் நடுவர் நோக்கும்

ஓவியக் காட்சிக்கு வந்து சேரும் படைப்புகளுள் சிறந்தது எது என்று தேர்ந்து சொல்வது எளிய பணியன்று. அதிலும் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்ட ஓவியங்களை மதிப்பிடுவது மிக அரிது. வண்ணப் படத்தில் நிறத்தின் கவர்ச்சி பல குறைகளை மறைத்துவிடும். கோட்டோவியத்திலோ மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஓவியன் எங்கே தயங்கினான், எங்கே துணிந்தான் என்பதைக் கோடே காட்டிக் கொடுத்துவிடும். அதைக் காணும் கண் நடுவருக்கு வேண்டும். அக்கண் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

தமிழர் கண்ட கோட்டோவியம்

வண்ணம் தீட்டாத ஓவியம் நமக்குப் புதியதன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், போர்ப்பாசறை சென்ற தலைவனைப் பிரிந்து, அணிகளைக் களைந்து கிடக்கும் அரசி புனையா ஓவியத்துக்கு உவமிக்கப்படுகிறாள். உரை கண்ட நச்சினார்க்கினியர், வண்ணம் கொண்டு எழுதாமல் வடிவை மட்டும் கோட்டினால் காட்டிய சித்திரம் என்ற கருத்தில் இதனை விளக்குகின்றார். மயிலை சீனி. வேங்கடசாமியும் தமிழர் வளர்த்த அழகுக் கலைகளை ஆராய்ந்தபோது இதனை எடுத்துக் காட்டியுள்ளார்.

இவ்வுவமையில் நடுவர் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அரசி அணியின்றி இருப்பது வறுமையால் அன்று, பிரிவுத் துயரால். அணியின்மையே அவள் உள்ளத்தைப் பேசுகிறது. அதுபோலவே கறுப்பு வெள்ளை ஓவியத்தில் வண்ணமின்மை ஏதேனும் ஒன்றைப் பேசுதல் வேண்டும். ‘இதற்கு வண்ணம் தீட்டினால் இன்னும் நன்றாயிருக்குமா?’ என்று நடுவர் ஒவ்வொரு படத்தின் முன்னும் கேட்டுக்கொள்ளலாம். ஆம் என்று விடை வருமானால், அது வண்ணத்தை இழந்த படம். புனையா ஓவியம் அன்று.

மூன்று தவறான அளவுகோல்கள்

நம் போட்டிகளில் பெரும்பாலும் மூன்று அளவுகோல்கள் கையாளப்படுகின்றன. ஒன்று, நிழற்படம் போல இருக்கிறதா என்பது. இரண்டாவது, எவ்வளவு உழைப்புத் தெரிகிறது என்பது. மூன்றாவது, யாரை வரைந்திருக்கிறார் என்பது. பாரதியாரையும் காந்தியடிகளையும் வரைந்த படத்துக்கு, வரையப்பட்டவர் மேலுள்ள மதிப்பால் பரிசு போய்ச் சேர்வதுண்டு.

இம்மூன்றையும் காந்தியடிகளின் உருவத்தைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரையொட்டி வங்க ஓவியர் நந்தலால் போஸ் ‘பாபுஜி’ என்னும் அச்சோவியத்தை லினோலியத் தகட்டில் செதுக்கினார். கையில் கோலுடன் நடக்கும் அடிகளின் உருவம் கரிய தளத்திலிருந்து வெண்மையாய் எழுகின்றது. லினோலியத்தில் வெட்டி எடுத்த இடம் வெள்ளையாகும். விட்ட இடம் மை பிடிக்கும். வெட்டியதை மீண்டும் ஒட்ட இயலாது. ஆதலின் கோடுகள் சில, அவையும் உறுதியானவை. பின்வாங்க இயலாத நடையைக் காட்டுவதற்குத் திருத்த இயலாத கருவியே பொருந்திற்று.

அடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டில், துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற கே. எம். ஆதிமூலம் (1938–2008) அவரையே ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களாகத் தீட்டினார். இங்குப் பேனாவும் மையும் கருவி. கோடு கோட்டின்மேல் ஓடுகிறது, பின்னுகிறது, பிரிகிறது. அப்பின்னலுக்குள்ளிருந்து முதுமையும் கவலையும் உறுதியும் வெளிப்படுகின்றன. நந்தலாலின் அடிகள் நடந்து செல்கின்றார். ஆதிமூலத்தின் அடிகள் சிந்தித்து நிற்கின்றார்.

இவ்விரண்டும் ஒரே காட்சியில் அருகருகே தொங்குவதாக எண்ணிக்கொள்வோம். ‘சில கோடுகளில் சொல்வதே சிறப்பு’ என்று விதி செய்தால் ஆதிமூலம் தோற்பார். ‘நுணுக்கமே சிறப்பு’ என்றால் நந்தலால் தோற்பார். ‘நிழற்படம் போல் வேண்டும்’ என்றாலோ இருவரும் தோற்பர்! பொருளோ இருவர்க்கும் ஒன்று. ஆதலால் அதனைக் கொண்டும் தீர்ப்புக் கூற முடியாது. எஞ்சுவது ஒன்றே: கருவியின் இயல்பு கருத்துக்குத் துணை நின்றதா என்பது.

உருக்கமான பொருளுக்கும் இது பொருந்தும். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மேதினிப்பூர் மாவட்டத்துக்குச் சென்ற சித்தபிரசாத், பட்டினியால் வாடியவர்களை மையினால் வரைந்தார். அப்படங்கள் அடங்கிய நூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. அப்படங்கள் நம்மை உலுக்குவது பஞ்சத்தை வரைந்ததால் மட்டுமன்று. விலா எலும்பின் மேல் வண்ணம் பூசினால் அது பட்டினிக்குச் செய்யும் ஒப்பனை ஆகிவிடும். அந்த ஒப்பனையை மறுத்த கோடே அங்குச் சான்று கூறுகின்றது.

உடைந்த கல்லுக்குப் பரிசு

உலக அரங்கில் நடந்த ஒரு தேர்வையும் காண்போம். 1963ஆம் ஆண்டு லுப்லியானா நகரில் நடைபெற்ற அனைத்துலக அச்சுக்கலைக் காட்சியில் அமெரிக்க ஓவியர் இராபர்ட் இராவுசன்பர்க்கின் ‘விபத்து’ என்னும் கல்லச்சு ஓவியம் பெரும் பரிசு பெற்றது. அச்சடிக்கையில் கல் உடைந்துபோயிற்று. ஓவியர் உடைந்த கல்லைக் கொண்டே அச்சடித்தார். பிளவு, கறுப்பு வடிவங்களை ஊடறுத்து ஓடும் வெள்ளைக் கோடாயிற்று.

பிழைக்குப் பரிசா என்று கேட்போர் இருக்கலாம். கேள்வி நியாயமானதே. கல் உடைந்தது திறமையன்று. உடைந்த கோட்டைப் படத்தின் உயிர்க்கோடாகக் கண்டதே திறமை. ஆதலின் நடுவர் குழு வழங்கிய தீர்ப்பு சரியானதே. ஆனால் அதைக் கண்டு மறுநாள் வேண்டுமென்றே கல்லை உடைப்பவனுக்குப் பரிசு அளித்தல் தகாது. முன்னவன் கண்டான்; பின்னவன் நகல் செய்தான். இவ்வேறுபாட்டை உணராத நடுவர், புதுமை என்ற பெயரால் போலிகளை வளர்ப்பார்.

மதிப்பெண் முறையின் குறை

நடுவர் மூவரும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டும் வழக்கமும் ஆராயத்தக்கது. துணிவான படம் ஒன்று 90, 90, 40 பெறுகிறது எனக் கொள்வோம், கூட்டுத்தொகை 220. யாரையும் தொடாத, யாரையும் உறுத்தாத படம் 75, 75, 75 பெற்று 225 ஆகின்றது. இருவர் உள்ளத்தை ஆட்கொண்ட படம் தோற்று, ஒருவர் உள்ளத்தையும் தொடாத படம் வெல்கின்றது! கணக்கில் பிழையில்லை, தீர்ப்பில் உண்டு. ஒவ்வொரு நடுவரும் ஒரு படத்துக்காக மற்ற இருவரிடமும் வாதிடட்டும். நாற்பது இட்டவரும் தம் காரணத்தைச் சொல்லட்டும். அதன் பின்னரே எண்களைக் கூட்டலாம்.

நம் பள்ளிகளில்

இவை பெரிய ஓவியர்க்கே உரியன என்று தமிழாசிரியர் ஒதுக்கிவிடலாகாது. செண்டாயான் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் இன்று செம்பனையும் புதிய குடியிருப்புகளும் வந்துவிட்டன. ஆயினும் தோட்டத்துப் பிள்ளை ஒருவனிடம் உயர்ந்த வண்ணப்பெட்டி இருக்கும் என்று சொல்வதற்கில்லை. பென்சில் இருக்கும், கரித்துண்டு கிடைக்கும். வசதியுள்ள பிள்ளையோடு அவன் சமமாக நிற்கக்கூடிய களம் கறுப்பு வெள்ளை ஓவியமே. அங்கும் தனிப்பயிற்சியில் கற்ற வழவழப்பான நிழலுக்கும் விலையுயர்ந்த தாளுக்குமே பரிசு அளித்தால், அந்த ஒரு களத்தையும் அவனிடமிருந்து பறித்தவர்களாவோம்.

பால்மரம் சீவிய முதியோரைக் கேட்டுப் பாருங்கள். பட்டையில் கத்தி மேலோட்டமாகச் சென்றால் பால் சரியாக வடியாது. ஆழ்ந்தால் மரம் புண்படும். இடைப்பட்ட அந்த அளவைக் கை அறியும். அவ்வறிவு படைத்த கை வரையும் கோட்டைக் கண்டுகொள்வது நடுவர் கடன். வாசலில் கோலமிடும் தாயின் விரலும் அத்தகையதே. புள்ளிகளுக்கு இடையே வெறுந்தரையையும் அழகாக்குகின்றாள் அவள். தாளில் எழுதாது விட்ட வெண்மை அவ்வாறு பணி செய்கிறதா, வெறுமனே மிஞ்சிக் கிடக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

எனவே, பரிசுப் பட்டியலோடு, தேர்ந்த காரணத்தை ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி எழுதி ஒட்டும் வழக்கத்தை நம் பள்ளிக் காட்சிகளில் தொடங்குவோமாக. காரணம் எழுதவேண்டும் என்ற நிலை வந்தால் நடுவர் கூர்ந்து பார்ப்பார். பரிசு பெறாத மாணவனும் அவ்வரிகளைப் படித்துவிட்டுத் தன் கோட்டிடம் மீண்டும் செல்வான்.