மனப்பாடமா, மொழியறிவா?

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! அத்தனையும் கடந்து கல்லூரி வாயிலுக்கு வரும் மலையாளிப் பழங்குடி மாணவரை மறித்து நிற்கிறது ஆங்கிலம்.

அறிவிலா அவர்க்குக் குறை? இல்லை, தோழர்களே! தேர்வு முறையில் இருக்கிறது குறை. மேல்நிலை ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணில் 90 எழுத்துத் தேர்வுக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. 35 பெற்றால் தேர்ச்சி. பொருள் விளங்காமலே கட்டுரையை உருப்போட்டுக் கரையேறலாம். 2018 இல் இரு தாள்கள் ஒன்றாயின. சுமை குறைந்தது, உருப்போடுதல் ஒழிந்ததா? விளங்காத மந்திரம் ஓதுவது மடமை என முழங்கிய நாம், வகுப்பறையில் அதே ஓதலைப் பொறுப்பது முறையோ?

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் சம மதிப்பு. மலைப்பள்ளியும் அந்நான்கையும் படிப்படியாய்ப் பயிற்றட்டும்: முதலில் கேட்டுப் பேசுதல், அடுத்துத் தானே படித்தல், பின்னர்ச் சொந்த வாக்கியம், முடிவில் கல்லூரிப் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படித்துத் தமிழில் விளக்குதல்.

உலகை நோக்கிய வாயில் ஆங்கிலம் என்றுதானே 1968 இல் இருமொழிக் கொள்கையை ஏற்றோம்? வாயில் திறந்திருந்தால் போதாது. மலைமக்கள் அதில் நிமிர்ந்து நுழைய வேண்டும். அதுவரை அக்கொள்கை பாதி வெற்றியே!