மதில் எழுப்பியது தமிழல்ல

பிழைக்க வந்தவர்கள் உள்ளூரோடு ஒட்டாமல் தனித் தீவாக வாழ்கிறார்கள் என்ற குறை பெங்களூரில் அடிக்கடி கேட்கிறது. அதை எடைபோட மல்லேஸ்வரம் நல்ல இடம்.

1898-இல் பிளேக் பரவியபின் உருவான பகுதி இது. மைசூர் அரசு உத்தியோகத்தை ஒட்டி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. வீட்டில் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம். மைசூர் சமஸ்தானத்தின் இந்த வழக்கத்தில் வளர்ந்தவர்கள்தான் கன்னட நாடகத்தின் கைலாசமும், 1983-க்கான ஞானபீட விருது பெற்ற கன்னட எழுத்தாளர் மாஸ்தியும். வரலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் எட்டாவது கிராஸில் நின்று பாருங்கள். பூக்காரம்மாவிடம் கன்னடத்தில் பேரம் பேசும் மாமி, திரும்பி மகளிடம் தமிழில், "இன்னும் ரெண்டு முழம் வாங்கிக்கோடி" என்பார். பூக்காரம்மாவுக்கு இரண்டும் புரியும்.

நம்மவர்கள் கூடி வாழ்வதில் தவறில்லை. புதிதாக வந்தவருக்கு வாடகை வீடு, முதல் வேலை, கல்யாணச் சமையல்காரர், பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எல்லாமே அந்தக் கூட்டத்தால்தான் கிடைக்கிறது. 1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இல்லாவிட்டால் பலருக்குத் தமிழ் நூலகமே இருந்திராது.

ஆனால் பழைய மல்லேஸ்வரத்தின் இணக்கத்தை அளவுக்கு மீறிப் புகழவும் முடியாது. ஒரே கோயில், ஒரே சமையல், ஏறக்குறைய ஒரே சாதி அடுக்கு: அந்த உறவு எளிதாக வந்ததற்கு இவையும் காரணம். பக்கத்திலேயே இருக்கும் ஸ்ரீராம்புரத்தின் ஆலைத் தொழிலாளர்களும் கூலிகளும் அந்த வட்டத்துக்குள் வரவில்லை, அவர்களும் தமிழர்களாக இருந்தும்.

இன்று உண்மையான மதில் வேறு இடத்தில் எழுந்திருக்கிறது. மல்லேஸ்வரத்தின் மேற்கு ஓரத்தில் சுமார் 40 ஏக்கரில் நிற்கும் பிரிகேட் கேட்வே வளாகத்தில் அடுக்குமாடி வீடுகள், பள்ளி, மருத்துவமனை, ஓட்டல், மால், அலுவலகக் கோபுரம் எல்லாம் உண்டு. இப்படிப்பட்ட வளாகங்கள் நகரெங்கும் பெருகிவிட்டன. அங்கே பத்து ஆண்டுகள் குடியிருந்தும் "கன்னட கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்ற இரண்டே சொற்களோடு காலம் தள்ளலாம். தமிழர், தெலுங்கர், வடக்கத்தியர், வெளிநாட்டினர் எல்லாருக்கும் இது பொருந்தும். அவர்களைப் பிரித்து வைப்பது தாய்மொழி அல்ல. ஆங்கிலமும் வருமானமும் சேர்ந்து, பக்கத்துத் தெருவின் தயவே தேவையில்லாத வாழ்க்கையைக் கொடுத்துவிடுகின்றன. இதை வசதி என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. தெருவில் தண்ணீர் வராத நாளில் டேங்கர் வரவழைத்துக்கொள்பவர், அந்தத் தெருவுக்காக வார்டு அலுவலகத்தில் போய் நிற்பதில்லை.

இதனால் ஊரில் சேரும் கசப்பும் மதிலுக்குள் இருப்பவர்மேல் பாய்வதில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டிக் கலவரம் வெடித்தபோது அதிகம் அடிபட்டவர்கள் குடிசைப் பகுதித் தமிழர்கள். ஊரோடு கலந்து, கன்னடம் பேசி உழைத்தவர்கள். 2016 செப்டம்பரில் மீண்டும் காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்தன, லாரி ஓட்டுநர்கள் நடுரோட்டில் தாக்கப்பட்டார்கள். வளாகங்களில் இருந்தவர்கள் கேட்டைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள்.