கயிற்றின் முன்முனையில்

பிரான்சு நாட்டின் ஷமொனி பள்ளத்தாக்கில், ஆண்டுதோறும் ஆகஸ்டு 15-ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று மலை வழிகாட்டிகளின் கயிறுகளும் பனிக்கோடரிகளும் மந்திரிக்கப்படுகின்றன. அந்தக் கயிறு சுமக்கும் பொறுப்பு எத்தகையது என்பதை இலக்கியமாக்கிய புதினம் ஒன்று உண்டு. ரொஜே ஃபிரிசோன்-ரோஷ் 1941-இல் வெளியிட்ட ‘பிரமியே தெ கொர்தே’ என்பதே அது. ‘கயிற்றில் முதல்வன்’ என்று அதற்குப் பொருள் கூறலாம். ஆங்கிலத்திலும் வெளிவந்த இந்நூலை வீரக்கதையாகப் படித்து மகிழ்ந்தோர் பலர். நாம் இதனை ஆசானைப் பற்றிய நூலாகப் படிக்க விழைகிறோம். அவ்வாறு படிக்கும்போதுதான் அதன் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படுகின்றன.

ஆல்ப்ஸ் மலையின் பாறையேற்றம் ஏட்டில் கற்கும் கல்வியன்று. அனுபவம் முதிர்ந்தவர் முன்னே ஏறுவார்; கற்பவன் அதே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்தொடர்வான். கைகளால் தொங்காமல் கால்களால் ஏறுவதையும், பிடிக்கும் கல் உறுதியானதா என்று தட்டிப் பார்ப்பதையும், மேகத்தின் போக்கைக் கணிப்பதையும் அவரைக் கண்டே அவன் கற்கிறான். அவன் சறுக்கினால் மேலே நிற்பவர் கயிற்றை இறுக்கித் தாங்கிக்கொள்வார். ஆனால் முன்னே செல்பவரைத் தாங்க அவருக்கு மேலே எவருமில்லை. சணற்கயிறு வழக்கிலிருந்த அக்காலத்தில் முதல்வனின் வீழ்ச்சி பெரும்பாலும் சாவிலேயே முடிந்தது. ஆகவே முன்முனை என்பது முதலில் ஆபத்தின் இடம். அதன் பின்னரே பெருமையின் இடம்.

இவ்வுண்மையை ஆசிரியர் உள்ளிருந்தே அறிந்தவர். 1906-இல் பாரிசில் பிறந்த அவர், ஷமொனி வழிகாட்டிகள் சங்கத்தில் 1930-இல் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அப்பள்ளத்தாக்கில் பிறவாத ஒருவர் அங்கு இடம்பெற்றது அதுவே முதன்முறை. அச்சங்கத்தின் தோற்றமே துயரில் வேரூன்றியது. 1820-இல் மோன் பிளாங்கு மலையில் பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் மாண்டனர். மறு ஆண்டே சங்கம் உருவாயிற்று. இடருற்றோர் குடும்பங்களுக்கு உதவும் நிதியும் அதன் பணிகளுள் ஒன்றாயிற்று.

கதையின் நாயகன் பியேர் செர்வெத்தாஸ். அவன் தந்தை ழான் புகழ்பெற்ற வழிகாட்டி. ஆயினும் மகன் மலையைவிட்டு விடுதித் தொழிலில் நிலைபெற வேண்டும் என்பதே அவர் விருப்பம். அமெரிக்கர் ஒருவரை ழான் துரு சிகரத்திற்கு அழைத்துச் செல்கிறார். வானம் கெடப்போகும் அறிகுறிகளைக் கண்டும், அம்மனிதரின் பிடிவாதத்திற்கு இணங்கி மேலே ஏறுகிறார். மின்னல் தாக்கி மடிகிறார். கயிற்றில் உடன் சென்ற இளம் சுமைதூக்கி ழோர்ழ், அமெரிக்கரைப் புயலினூடே உயிருடன் கீழே கொண்டுவருகிறான். ஆனால் பனியில் உறைந்த தன் கால்விரல்களை இழக்கிறான். தந்தையின் உடலை மீட்கச் சென்ற பியேர் பாறையிலிருந்து விழுந்து, மண்டையில் அடிபட்டு, உயரத்தைக் கண்டாலே தலைசுற்றும் நிலைக்கு ஆளாகிறான்.

ழோர்ழின் செயலில் ஆசிரியரின் திறன் உச்சம் பெறுகிறது எனலாம். ழான் அவனுக்கு அறிவுரை வழங்கும் காட்சி நமக்குத் தேவைப்படவில்லை. ஆசான் மறைந்த அடுத்த நொடியே சீடன் முன்முனையை ஏற்கிறான். கற்றது என்ன என்பதை அவனது செயலே கூறிவிடுகிறது. பின்னர், விரலற்ற பாதங்களுடன் மீண்டும் ஏறத் துணியும் அவனே பியேரின் அச்சம் நீங்கத் துணையாகிறான். ஊனமுற்றவன் நலமுற்றவனுக்கு ஆசானாகும் இப்பகுதி நம் நெஞ்சை விட்டு அகலாதது.

எனினும் ஒரு கேள்வியை நூல் போதிய அளவு எழுப்பவில்லை. வானத்தைப் படிக்கத் தெரிந்த ழான் ஏன் இணங்கினார்? அவரது கயிற்றில் பிறர் பிள்ளை ஒருவனும் கட்டப்பட்டிருந்தான் அன்றோ? சாவின் மாட்சியில் ஆசிரியர் தோய்ந்துவிடுவதால், இணங்கியதன் விலையை ழோர்ழின் கால்கள் செலுத்தின என்னும் கசப்பான உண்மை மங்கிவிடுகிறது. மலைத்திறம் குருதி வழியே வருவதுபோன்ற தோற்றமும் நூலில் உண்டு. வெளியூரில் பிறந்து வழிகாட்டியான ஆசிரியரின் வாழ்வே அதற்கு மறுப்பு!

இங்கு மற்றொரு மலையேறியின் எழுத்து நம் நினைவுக்கு வருகிறது. பிற்காலத்தில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதராகிய அருள்பணி அக்கிலே ராத்தி, 1889 ஜூலை இறுதியில், தம் 32-ஆம் வயதில், மோந்தே ரோசாவின் கிழக்கு முகத்தில் ஏறினார். உடன் மற்றொரு குருவும், வழிகாட்டி கதீனும், சுமைதூக்கி ஒருவரும் இருந்தனர். 4634 மீட்டர் உயரச் சிகரத்தின் அருகே இருள் சூழ்ந்தபோது, அவர்கள் இறங்கத் துணியவில்லை. குறுகிய பாறை விளிம்பில், கடுங்குளிரில், உறங்காமல் விடியலுக்காகக் காத்திருந்தனர். அவரது குறிப்புகளில் புதினத்தின் கொந்தளிப்பு இல்லை. ஆனால் ழானிடம் நாம் தேடிய நிதானம் அங்கே இருக்கிறது. அம்புரோசியன் நூலகத்தின் அறிஞர், மலையில் வழிகாட்டியின் சொல்லுக்கு மதிப்பளித்தவர். 1923-இல் புனித மெந்தோன் பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே.

இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது நம் உள்ளத்தில் ஒன்று உறுத்துகிறது. பெற்றோராகவும் மறைக்கல்வி ஆசிரியராகவும் நாமும் சில கயிறுகளின் முன்முனையில் நிற்கிறோம். துணிவோடு ஏறக் கற்பிப்பதில் நமக்குத் தயக்கமில்லை. பிறரது வற்புறுத்தலுக்கும் ஊராரின் பாராட்டுக்கும் இணங்காமல், “இன்று போதும், திரும்புவோம்” என்று கூறத்தான் நாம் தயங்குகிறோம். அவ்வாறு திரும்பி வருவதும் ஏறுதலின் ஒரு பகுதியே என்பதை நம் பின்னே வருவோர் நம்மிடமிருந்து அன்றி வேறு எவரிடமிருந்து கற்பர்?