ஊசலும் சிற்றிலும்

தாய்ப்பாலோடு பாகுபாட்டையும் சேர்த்துப் புகட்டும் சமுதாயம் நம்முடையது. மிகைபடக் கூறுகிறோம் என எண்ணுவோர் பிள்ளைத்தமிழ் நூல்களைப் புரட்டிப் பார்க்கட்டும். பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனும் ஏழும் இருபாலார்க்கும் பொது. தவழும் வரை, தளர்நடை பயிலும் வரை, நிலவை அழைத்து மகிழும் வரை, குழந்தை குழந்தையாகவே இருக்கிறது. எட்டாம் பருவத்தில் எழுகிறது சுவர்! ஆணுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல்.

அவன் உதைக்கிறான், முழக்குகிறான், தேருருட்டித் தெருவெங்கும் திரிகிறான். அவளோ அம்மானைக் காய்களை வீசிப் பிடிக்கிறாள், தோழியரோடு நீராடுகிறாள், அலங்கரித்த ஊசலில் அமர்ந்து ஆடுகிறாள். விளையாட்டுப் பட்டியலா இது? வாழ்க்கைப் பங்கீடு!

17ஆம் நூற்றாண்டுக் குமரகுருபரர் இருவகையும் பாடியவர். மீனாட்சியோ, புராணக் கதைப்படி, முடிசூடி நாடாண்டவள். படை நடத்தித் திசையெல்லாம் வென்றவள். புராணத்தை நாம் நம்பவில்லை. நம்பிய புலவரைத்தான் கேட்கிறோம். உலகை வென்ற அந்த வீராங்கனைக்கும் உருட்டி விளையாட ஒரு சிறுதேர் இல்லையே, ஏன்? அதே புலவரின் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழில் தேரும் உண்டு, பறையும் உண்டு. புலமையில் குறையில்லை; சந்தத்தில் குறையில்லை. குறை, புலவரையும் கட்டிப்போட்ட மரபில் இருக்கிறது.

சிற்றில் பருவத்தில் சிறுமியர் கெஞ்சுவர், எங்கள் மணல்வீட்டை அழிக்காதே என்று. அழிப்பவனின் குறும்பு அழகாகிறது. கட்டியவளின் உழைப்பு மண்ணாகிறது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிலும் இவனைக் காண்கிறோம். மணல்வீட்டைக் காலால் சிதைத்து, பந்தைப் பறித்தோடிய சிறுவன் வளர்ந்து வருகிறான், தண்ணீர் கேட்கிறான், கொடுத்த கையைப் பற்றுகிறான். அலறியவள், அன்னை வந்ததும், அவனுக்கு விக்கல் என்று கூறி மறைக்கிறாள். காதல் நயம் என்பர் உரைகாரர். நயத்தை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், சிறுவயதில் கண்டிக்கப்படாத கால்தான் பின்னாளில் கேளாமல் நீளும் கையாயிற்று என்பதையும் அப்பாட்டே காட்டவில்லையா?

பழைய ஏட்டுக்கு இன்று ஏன் வழக்கு எனக் கேட்கும் தோழர்கள், பாலாற்றங்கரைக்கு வரட்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அந்த எட்டாம் பருவம் இன்னும் முடியவில்லை. மகன் புளியமரக் கிளையிலிருந்து குதித்தால், “ஆம்பிள்ளைப் பிள்ளை அப்படித்தான் இருப்பான்” என்கிறாள் தாய். மகள் அதே மரத்தில் காலை வைத்தால், “இறங்குடி! கை கால் ஒடிந்தால் எவன் கட்டிக்கொள்வான்?” என்கிறாள். அச்சம் எலும்பைப் பற்றியதன்று. மணச்சந்தையில் விலை குறையுமே என்பதைப் பற்றியது.

பெண் இயற்கையிலேயே ஆற்றல் குறைந்தவள் அல்லவா என வாதிடுவோர்க்கு அறிவியல் விடை வைத்திருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட சோதனை இது. பதினொரு மாதக் குழந்தை எவ்வளவு செங்குத்தான சரிவில் தவழ்ந்து இறங்கும் என்று தாய்மாரைக் கேட்டனர். மகனைப் பெற்றோர் கூட்டிச் சொன்னார்கள். மகளைப் பெற்றோர் குறைத்துச் சொன்னார்கள். சரிவில் விட்டுப் பார்த்தபோது இருபாலார் திறனிலும் வேறுபாடு இல்லை! சரிவு தரையில் இல்லை. தாயின் கருத்தில் இருந்தது.

அளவற்ற அச்சம் பெண்ணை முடக்குகிறது. அளவற்ற அலட்சியம் ஆணைப் பலிகொள்கிறது. நீரில் மூழ்கி இறப்போருள் ஆண்கள் பெண்களைப் போல் இருமடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். “அப்படித்தான் இருப்பான்” என்ற சொல்லுக்கு மகனும் விலை கொடுக்கிறான்.

இந்தத் தோல் வட்டாரத்தில் மற்றொரு முரண்பாடும் உண்டு. காலணித் தொழிற்சாலைகளில் பெரும்பகுதி உழைப்பு பெண்களுடையது. வீட்டிலேயே அமர்ந்து காலணியின் மேற்பாகத்தைக் கையால் தைத்துக் கூலி பெறுவோரும் பெண்களே. தடித்த தோலில் இறங்க மறுக்கும் ஊசி விரலில் இறங்குகிறது. துணைக்கு மகள் அமர்ந்தால் அவள் விரலையும் அது விடுவதில்லை. மரமேறினால் காயம் படும் எனத் தடுத்த வீடு, ஊசி குத்தினால் பொறுத்துக்கொள் என்கிறது. காயம் கூலி தந்தால் கடமை. களிப்புத் தந்தால் குற்றம்! ஊரார் கால்களுக்கெல்லாம் காலணி தைப்பவள், தன் காலால் ஓடக் கூடாதாம்!

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 1989இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. அறுபது ஆண்டு ஆயிற்று. விளையாட்டுரிமைக்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. வீட்டு முற்றம் போதும். பெண் குழந்தையை ஆண் குழந்தையினின்று வேறுபடுத்தாமல் வளர்க்கச் சொன்னார் பெரியார். அதை மேடையில் முழங்கும் இளைஞனே, உன் தங்கை மரமேறும்போது இறங்கு என்று கூவாதே. கிளை தாங்குமா என்று பார். உன் தம்பி மணல்வீட்டை உதைக்கும்போது சிரிக்காதே. உட்கார்ந்து கட்டச் சொல்.